கேஷ் ரிஜிஸ்டர் சொன்ன சாட்சி

அந்த ராஜினாமாக் கடிதம் மொத்தம் இரண்டு வரி. சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன், உடனே விடுவிக்க வேண்டுகிறேன் என்று ஆங்கிலத்தில், நீலப் பேனாவால், ஏ4 தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. எழுத்தில் நடுக்கம் இல்லை. ரூபாய்க் கட்டின் பட்டையில் வருடக்கணக்காகக் கையெழுத்துப் போட்டுப் பழகிய ஒரு காசாளரின் நிதானமான எழுத்து. எங்களுக்கு எதிராக இருந்த முதல் சாட்சியம் அந்த நிதானம்தான்.

மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்று சொல்லிவிடலாம். மெய்ப்பிப்பதுதான் பெரும்பாடு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 வற்புறுத்தலைப் பற்றி 15-ஆம் பிரிவிலும் தகாத செல்வாக்கைப் பற்றி 16-ஆம் பிரிவிலும் பேசுகிறது. ஆனால் அப்படி நடந்தது என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். மேலாளர் அறைக்குள் நான்கு பேர் இருந்தால் மூன்று பேர் வங்கிச் சம்பளத்தில் வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள். சாட்சிக்கு யார் வருவார்?

நடந்தது 2015-இல், தென்காசிப் பக்கம் ஒரு ஊரில். அப்போது அது நெல்லை மாவட்டம். 1993-இல் ரிசர்வ் வங்கி புதிய தனியார் வங்கிகளுக்கு வழி திறந்துவிட்ட பிறகு வந்தவற்றுள் ஒன்று அந்த வங்கி. பெயர் வேண்டாம், பெயர் மாறினால் கதை மாறும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. என் கட்சிக்காரர் அங்கே ஏழு வருடம் கேஷ் கவுண்டரில் இருந்தவர். நியமன உத்தரவில் அவர் பதவி 'உதவி மேலாளர்'. அவர் மேலாண்மை செய்தது ஒரு கேஷ் டிராயரை.

அந்தக் கிளையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதை அவர் வாயால் கேட்டபோது, வங்கியைப் பற்றித்தான் சொல்கிறாரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. காலை ஒன்பதேகாலுக்கு எல்லாரும் நின்றுகொண்டு ஒரு கூட்டம்; அதற்கு 'ஹடில்' என்று பெயர். இன்று யார் எத்தனை இன்ஷூரன்ஸ், எத்தனை புதுக் கணக்கு, எத்தனை கிரெடிட் கார்டு என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பதினொரு மணிக்கு, ஒரு மணிக்கு, நான்கு மணிக்கு வாட்ஸப் குழுவில் எண்ணிக்கை போட வேண்டும். காசாளருக்கும் டார்கெட் உண்டு. பணம் கட்ட வருகிறவரிடம் நோட்டை எண்ணிக்கொண்டே பாலிசி பேச வேண்டும். மாலை ஏழு மணிக்குக் கிளஸ்டர் ஹெட்டின் கான்ஃபரன்ஸ் கால். எட்டோ பத்தோ கிளைகள் ஒரே லைனில் இருக்கும். "இன்னைக்கு ஜீரோ போட்டவங்க மட்டும் லைன்ல இருங்க, மத்தவங்க வீட்டுக்குப் போகலாம்" என்பார். ஆனால் மற்றவர்களும் போகமாட்டார்கள். யார் திட்டு வாங்குகிறார் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். நாளைக்குத் தன் முறை வரும்போது என்ன பதில் சொல்லலாம் என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி.

திட்டு என்றால் வெறும் திட்டு இல்லை. "உன் பொண்டாட்டி நகையை வச்சாவது ஒரு லாகின் கொண்டு வா" (லாகின் என்றால் பதிவான ஒரு பாலிசி விண்ணப்பம்) என்று ஒருவரிடம் சொன்னதை அத்தனை கிளைகளும் கேட்டிருக்கின்றன. கேட்ட ஒருவரும் தீர்ப்பாயத்துக்கு வந்து அதைச் சொல்லவில்லை. பதிவு செய்தவரும் இல்லை.

மார்ச் வந்தால் நிலைமை இன்னும் மோசம். என் கட்சிக்காரரின் சம்பளக் கணக்குச் சுருக்கத்தை வாங்கிப் பார்த்தேன். மனைவி பெயரில் ஒன்று, அம்மா பெயரில் ஒன்று, மாமியார் பெயரில் ஒன்று என்று நான்கு மார்ச்சுகளில் நான்கு பாலிசிகளுக்குப் பணம் போயிருந்தது. மூன்று பாலிசிகள் இரண்டாம் வருடப் பிரீமியம் கட்டாமல் காலாவதியாகியிருந்தன. தன் டார்கெட்டைத் தன் சம்பளத்தில் வாங்கியிருக்கிறார் மனிதர். வங்கிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது செய்தியே அல்ல. எனக்கு அன்றைக்குச் செய்தி.

இனி ஆச்சி, அந்தக் கிளையின் வாடிக்கையாளர். நிலத்தை விற்ற பங்கில் வந்த மூன்று லட்சத்தை எஃப்.டி.யில் போட்டு வைத்திருந்தார். முதிர்வு தேதியில் புதுப்பிக்க வந்தபோது மேலாளர் அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஒரு லட்சத்தைப் பாலிசியாக மாற்றிவிட்டார்கள். விண்ணப்பத்தை நிரப்பியது கிளையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காப்பீட்டு நிறுவனத்தின் ஆள். ஆச்சியின் ஆண்டு வருமானம் நான்கு லட்சம் என்று எழுதியிருந்தது. ஒரு வருடம் கழித்து ஆச்சி கவுண்டருக்கு வந்து, "தம்பி, அந்த ஒரு லட்சத்துக்கு வட்டி எப்பம்யா வரும்?" என்று கேட்டிருக்கிறார். அதே வாரம் இரண்டாவது லட்சத்தைக் கட்டச் சொல்லி அவருக்கு ஓர் எஸ்.எம்.எஸ். வந்தது. வேண்டாமென்றால் பாலிசியைத் திருப்பிக் கொடுக்க அன்றைக்குப் பதினைந்து நாள் அவகாசம் இருந்தது. ஆச்சிக்கு அது பாலிசி என்று தெரிந்தபோது ஒரு வருடம் போயிருந்தது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகன் தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். காப்பீடு போன்ற வெளியார் திட்டங்களை வங்கிகள் விற்பதில் நடக்கும் குறைகளை பாங்கிங் ஆம்புட்ஸ்மேனிடம் கொண்டுபோகலாம் என்று ரிசர்வ் வங்கி வழிசெய்தது 2017 ஜூலையில்தான். அதனால் மகனுக்கு அன்று கடிதத்தைவிட வலுவான ஆயுதம் இல்லை. இருந்தும் பணம் திரும்பி வந்தது. ஆச்சியைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது. மேலிடத்துக்குத்தான் கணக்கு முடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

பாலிசித் தாளில் இருந்தது என் கட்சிக்காரரின் எண். வங்கி மூலம் காப்பீடு விற்க வேண்டுமானால் பயிற்சி எடுத்துத் தேர்வு எழுதிச் சான்று பெற்றவர் ஒருவர் இருக்க வேண்டும்; எஸ்.பி. கோடு என்பார்கள். அந்தக் கிளையில் தேர்ச்சி பெற்றிருந்தவர்கள் இரண்டே பேர். யார் விற்றாலும் அந்த இரண்டு கோடுகளில் ஒன்றில்தான் ஏறும். கோடு யாருடையதோ பழியும் அவருக்கே. விற்ற மேலாளர் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார். சொல்லப்போனால், ஒரு படி மேலே.

ஒரு வியாழக்கிழமை மதியம் கிளஸ்டர் ஹெட் வந்தார். இவரைக் கேஷை ஒப்படைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள். செல்போனை மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். சென்னையிலிருந்து ஹெச்.ஆர். மேலாளர் ஸ்பீக்கரில். டெர்மினேட் செய்தால் வேறு எந்த வங்கியும் எடுக்காது, காவல் நிலையத்தில் புகாரும் போகும். ராஜினாமா கொடுத்தால் ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று எல்லாம் கிடைக்கும் என்றார்கள். மாலை 7.40-க்கு எழுதிக் கொடுத்தார். 8.05-க்கு அவருடைய சொந்த ஈமெயிலுக்கு, மூன்று மாத நோட்டீஸைத் தள்ளுபடி செய்து ராஜினாமா ஏற்கப்பட்டது என்று கடிதம் வந்துவிட்டது. லீவு கேட்டால் மூன்று நாள் பதில் சொல்லாத அலுவலகம் அது.

மறுநாள் காலை, மனைவி சொன்னதன்பேரில், கட்டாயத்தால் எழுதிய கடிதம் அது, திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினார். கிளைக்கு ஒன்று, தலைமை அலுவலகத்துக்கு ஒன்று. இந்த வழக்கு உயிரோடு இருந்ததற்கு அந்தத் தபால் ரசீதுகள் ஒரு காரணம். ராஜினாமா நடைமுறைக்கு வருவதற்கு முன்னால் அதைத் திரும்பப் பெறலாம் என்று கோபால் சந்திர மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு வங்கிக்கும் தெரியும். ராத்திரி எட்டு மணிக்கு ஏற்புக் கடிதம் அனுப்பியது அதனால்தான். ஆகவே திரும்பப் பெற்றது செல்லுமா என்ற கேள்வியில் நாங்கள் நிற்க முடியாது. அது ராஜினாமாவே இல்லை என்று நிறுவியாக வேண்டும்.

தனியார் வங்கியானாலும் வங்கித் தொழில் என்றால் உரிய அரசு மத்திய அரசுதான். அதனால் தொழில் தகராறுகள் சட்டத்தின்கீழ் முதலில் மதுரையில் உதவித் தொழிலாளர் ஆணையர் (மத்திய) முன் சமரசப் பேச்சு. அங்கே வக்கீல் போக முடியாது. அந்தச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு தடுத்தது. கிளையில் சங்கம் கிடையாது. ஆனால் சங்கத்தில் இல்லாத தொழிலாளிக்காக அதே தொழிலில் உள்ள எந்தச் சங்கத்தின் நிர்வாகியும் ஆஜராகலாம் என்று அதே பிரிவு இடம் கொடுத்தது. தேசிய வங்கி ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று, சங்க நிர்வாகியாகத் தொடர்ந்த ஒரு தோழரைப் பிடித்தோம். துணிப்பையில் 1953-ஆம் வருட சாஸ்திரி அவார்டும் 1962-ஆம் வருட தேசாய் அவார்டும் 1966-ஆம் வருட முதல் இருதரப்பு ஒப்பந்தமும் நைந்த அட்டையோடு எப்போதும் இருக்கும். கோப்பைப் படித்துவிட்டுத் தோழர் கேட்ட முதல் கேள்வி, "மெமோ எங்கே?"

மெமோவே கொடுக்கவில்லை தோழர் என்றேன்.

"சார்ஜ் ஷீட்?"

இல்லை.

"எங்க பேங்க்ல ஒரு கிளார்க்க ஒரு சீட்ல இருந்து அடுத்த சீட்டுக்கு மாத்தணும்னாலே ஆபீஸ் ஆர்டர் வேணும் வக்கீல் சார். ஆர்டர் இல்லாம எந்திரிக்க மாட்டோம். இங்க ஒரு மனுஷன வேலையவிட்டே அனுப்பிருக்கான், ஒரு துண்டுச் சீட்டு கிடையாதா?"

தோழரின் காலத்தை நான் தங்கமாக்கிச் சொல்லவில்லை. அந்த வங்கிகளில் டிமாண்ட் டிராஃப்ட் எடுக்க அரை நாள் நின்றவர்களில் நானும் ஒருவன். எதற்கெடுத்தாலும் சங்கத்தைக் கூப்பிடுகிற மனிதர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே ஊழியர்மேல் எடுக்கும் எந்த நடவடிக்கையும் தாளில் இருந்தது; தாளில் இருந்ததால் அதோடு சண்டை போட முடிந்தது. இங்கே ஏழு வருடம் ஒருவரை வேலை வாங்கியதும் விரட்டியதும் வாயால் நடந்திருக்கிறது. டார்கெட் எவ்வளவு என்று எழுத்தில் இல்லை. யாரிடம் விற்கச் சொன்னார்கள் என்று எழுத்தில் இல்லை. எழுத்தில் இருந்தது ஊழியரின் எஸ்.பி. கோடும் ஊழியரின் ராஜினாமாவும்தான். வங்கி நல்லவிதமாகத்தான் திட்டம் போட்டிருந்தது.

சமரசம் ஒன்றுக்கும் ஆகவில்லை. வங்கி சார்பில் வந்த அதிகாரிக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. ஒவ்வொரு தடவையும் மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். 2010-இல் வந்த திருத்தத்தின்படி, சமரச அதிகாரியிடம் மனுக் கொடுத்து 45 நாள் ஆனதும் பணி நீக்கப்பட்டவர் நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம்; அரசு அனுப்பி வைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அன்றைக்கு மூன்று வருடத்துக்குள் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அப்படி 2016-இல் சென்னை மத்திய அரசுத் தொழில் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டோம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் எழும்பூரில் இறங்கி, குளித்து, இட்லி சாப்பிட்டு, ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனுக்கு ஆட்டோ. அந்த மனுவின் காலத்தில் அந்த இட்லிக் கடைக்காரர் என்னிடம் வழக்கு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்கும் அளவுக்குப் பழகிவிட்டார்.

வங்கியின் எதிருரை மூன்று காலில் நின்றது. ஒன்று, இவர் உதவி மேலாளர்; சட்டம் சொல்லும் தொழிலாளி அல்ல. இரண்டு, தானாக ராஜினாமா செய்தவர். மூன்று, வாடிக்கையாளரை ஏமாற்றி விற்றவர். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றோடொன்று இடிக்கின்றனவே என்று கேட்கலாம். மாற்று வாதம் வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் படிக்கிறவர் மனதில் அது ஒரு நெருடலாகக் கிடக்கும். அது போதும் என்று விட்டுவிட்டேன்.

யோசித்துக்கொண்டிருந்தபோது ஒன்று பிடிபட்டது. ஆளைப் பற்றிய விஷயத்தில் ஒரு வரி எழுதாத இதே வங்கி, பணத்தைப் பற்றிய விஷயத்தில் எதையும் எழுதாமல் விடாது. பத்து ரூபாய் நோட்டு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனாலும் பதிவு உண்டு. என் கட்சிக்காரர் ஏழு வருடம் பணத்தோடு இருந்தவர். பணத்தின் தாள்களைக் கேட்டால் அவர் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று தன்னால் தெரிந்துவிடும்.

ஆவணங்களை வரவழைக்கும் மனு ஒன்று போட்டேன். நீண்ட பட்டியல்: வருகைப் பதிவு, லீவு பதிவு, அவருடைய யூசர் ஐடிக்குக் கொடுத்திருந்த அனுமதிகள், பாலிசி போட்ட நாளின் கேஷ் ஸ்க்ரோல், கடைசி மாதத்தின் கேஷ் ஒப்படைப்பு ரிஜிஸ்டர். எது முக்கியம் என்று தெரியாதபடி பத்தோடு பதினொன்றாக வைத்தேன். வாடிக்கையாளர் ரகசியம் என்று ஆட்சேபித்தார்கள். பெயர்களை மறைத்துக் கொடுக்கட்டும் என்றோம். வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டம், 1891-ஐக் காட்டினார்கள். அதன் 5-ஆம் பிரிவு, வங்கி கட்சியாக இல்லாத வழக்கில் வங்கி அதிகாரியைப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லக் கூடாது என்கிறது. இங்கே வங்கிதான் எதிர்க்கட்சி. மனு அனுமதிக்கப்பட்டது. ஜெராக்ஸ் கட்டு வந்தது. வங்கியின் வக்கீல் அதை முழுதாகப் படித்திருக்கமாட்டார் என்பது என் ஊகம். அவருக்கு வந்தது ஹெச்.ஆர். கோப்பு. இவை ஆபரேஷன்ஸ் பிரிவின் தாள்கள். அந்த இரண்டு பிரிவுகளும் வங்கிக்குள்ளேயே பேசிக்கொள்வதில்லை.

கேஷ் ஒப்படைப்பு ரிஜிஸ்டரில் அந்த வியாழக்கிழமைப் பக்கம் இப்படி இருந்தது: ஆயிரம் 42, ஐந்நூறு 131, நூறு 206, ஐம்பது 18, இருபது 7, பத்து 31, நாணயம் 64 ரூபாய், ஆக ரூ. 1,29,514. கீழே கொடுத்தவர் கையெழுத்து, வாங்கியவர் கையெழுத்து. நேரம் என்று ஒரு கட்டம். அதில் 15.05.

வாங்கியவர் பக்கத்துக் கவுண்டரில் இருந்த பெண். அந்த ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தால் பல பக்கங்களில் நேரக் கட்டம் காலியாகவே கிடக்கிறது. அன்றைக்கு மட்டும் அவர் தெளிவாக எழுதியிருந்தார். பழக்கத்தில் எழுதினாரா, தெரிந்து எழுதினாரா? நான் கேட்டதில்லை. அவர் இன்னும் வேலையில் இருப்பவர். கேட்பது அவருக்கு நல்லதல்ல. கூடவே வந்த கணினிப் பதிவில் என் கட்சிக்காரரின் யூசர் ஐடி 15.12-க்கு முடக்கப்பட்டிருந்தது.

நிர்வாகத் தரப்பு முதல் சாட்சி அந்த ஹெச்.ஆர். மேலாளர். அவர் பிரமாணப் பத்திரத்தில், மாலை 7.40-க்கு மனுதாரர் தானாகவே வந்து ராஜினாமா கொடுத்தார், நிர்வாகம் அதைச் சற்றும் எதிர்பார்க்கவில்லை என்று ஒரு வரி இருந்தது. ராஜினாமா சொந்த முடிவு என்று காட்டுவதற்காக எழுதிய வரி. அதைத் தொடாமல், முதலில் பதவியிலிருந்து ஆரம்பித்தேன்.

"மனுதாரருக்குக் கீழே எத்தனை பேர் வேலை பார்த்தார்கள்?"

"கிளையில் இருந்த ஊழியர்கள்."

"யார் யார் என்று சொல்லுங்கள்."

"செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங்."

"அவர்கள் வங்கியின் ஊழியர்களா?"

"இல்லை, ஏஜென்சி."

"அவர்களுக்கு லீவு கொடுப்பது?"

"ஏஜென்சிதான்."

யூசர் ஐடி அனுமதிகளைக் காட்டினேன். அந்த அமைப்பில் பதிவு செய்கிறவர் 'மேக்கர்', சரிபார்த்து அனுமதிக்கிறவர் 'செக்கர்'. ஏழு வருடமும் இவர் மேக்கர் மட்டுமே. வரம்பைத் தாண்டிய தொகைக்கு இன்னொருவர் விரல் வைத்தால்தான் நகரும். ஒப்புக்கொண்டார். பதவியின் பெயரைப் பார்க்காதே, முக்கியமாகச் செய்த வேலை என்ன என்று பார் என்பது எஸ்.கே.மைனி வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல். அதற்கு இதைவிட நேரான சான்று எனக்கு வேறு எந்த வழக்கிலும் கிடைத்ததில்லை.

பிறகு அந்த வரிக்கு வந்தேன். 7.40-க்கு முன்னால் ராஜினாமா செய்யப்போவதாக வாய்மொழியாகவாவது சொன்னாரா என்று கேட்டேன். இல்லை என்றார். வேறு யாருக்காவது தெரியுமா? யாருக்கும் தெரியாது. அது பதிவாகும் வரை பொறுத்திருந்து, ரிஜிஸ்டரின் பக்கத்தை நீட்டினேன்.

"வேலை நேரத்தில், 3.05-க்கு, டிராயரை ஏன் வாங்கினீர்கள்?"

"ரொட்டீன் செக்கிங்காக இருக்கலாம்."

"ரொட்டீன் என்றால் எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். திருப்பிக் கொடுத்த பதிவு எங்கே?"

பக்கத்தைத் திருப்பினார். இல்லை.

"3.12-க்கு யூசர் ஐடியை முடக்கச் சொன்னது யார்?"

"ஐ.டி. பிரிவுக்குத் தகவல் போயிருக்கும்."

"எழுத்தில் போனதா?"

"போனில் சொல்லியிருப்பார்கள்."

தீர்ப்பாயத்தின் தலைமை அதிகாரி அந்தப் பதிலைத் தட்டச்சருக்கு இரண்டு முறை சொன்னார், தவறாமல் பதிவாக வேண்டும் என்று. சாஸ்திரி பவன் வராந்தாவில் அரசு அலுவலக மணம் ஒன்று உண்டு, பழைய கோப்பும் புது டீயும் கலந்தது. அன்றைக்கு அது எனக்கு நன்றாகவே இருந்தது.

ஏமாற்றி விற்றார் என்ற மூன்றாவது கால் தானாக முறிந்தது. பாலிசிக்காக ஆச்சியின் கணக்கில் பற்று எழுதிய நேரத்துக்கு முன்னும் பின்னும் இவர் கவுண்டரில் இடைவெளி இல்லாமல் பணம் வாங்கிக்கொண்டும் கொடுத்துக்கொண்டும் இருந்ததைக் கேஷ் ஸ்க்ரோல் நிமிடத்தோடு காட்டியது. மேலாளர் அறைக்குள் டீ குடித்துக்கொண்டிருந்த ஆச்சியிடம் இவர் பேசியிருக்க வழியில்லை. ஆச்சியையே சாட்சிக்கு அழைத்து வரலாமா என்று ஓர் எண்ணம் எனக்கு இருந்தது. கட்சிக்காரர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "ஆச்சிக்கு நாங்க பண்ணது போதும் சார். அவங்களை மெட்ராஸுக்கு வேற இழுக்க வேண்டாம்." நாங்கள் என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன்.

வாட்ஸப் செய்திகளையும் அன்றைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழோடு தாக்கல் செய்திருந்தோம். அவற்றுக்குப் பெரிய மதிப்பு கிடைக்கவில்லை. 'லாகின் எத்தனை' என்று கேட்பது எந்த நிறுவனத்திலும் நடப்பதுதானே என்றது தீர்ப்பாயம். உண்மைதான். ஏழு மணி லைனில் பேசியது எதுவும் அந்தக் குழுவில் இல்லை. அந்த மனிதர்கள் எதைத் தட்டச்சு செய்யலாம், எதைப் பேச மட்டும் செய்யலாம் என்று நன்றாகப் பழகியிருந்தார்கள். நான்கு மார்ச் பாலிசிகளின் பணம் மட்டும் கணக்குச் சுருக்கத்தில் நின்றது. தீர்ப்பில் அதற்கு ஒரு பத்தி கிடைத்தது. சம்பளம் கொடுத்து அதில் ஒரு பகுதியை விற்பனையாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும் சூழலில் ஊழியரின் சுதந்திரமான சம்மதம் என்பதை எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

2019-இல் தீர்ப்பு வந்தது. மனுதாரர் 2(எஸ்) பிரிவின்படி தொழிலாளி. அவரை அனுப்பும் முடிவு ராஜினாமாவுக்கு நான்கரை மணி நேரம் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே கடிதம் அவர் விருப்பத்தால் எழுதியதல்ல, அது பணி நீக்கமே. தவறு செய்தார் என்றால் குற்றச்சாட்டுக் கொடுத்து விசாரித்திருக்க வேண்டும். ஆட்குறைப்பு என்றால் 25எஃப் பிரிவின்படி ஒரு மாத நோட்டீஸும் ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளமும் கொடுத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை. பணித் தொடர்ச்சியோடும் பாதிப் பின்சம்பளத்தோடும் மறுபடி வேலை.

வங்கி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது கடைசியாக வாங்கிய சம்பளத்தைத் தர வேண்டும் என்கிற 17பி-யின்கீழ் மனுப் போட்டோம். அதற்கு வேறு வேலையில் இல்லை என்று பிரமாணம் வேண்டும். இவர் ஓர் உரக்கடையில் மாதம் ஒன்பதாயிரத்துக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லாமல் விட முடியுமா என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. உள்ளபடி எழுதினோம். வங்கியில் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத அதைப் போதிய ஊதியம் என்று சொல்ல முடியாது என்று நீதிமன்றம் ஏற்றது. அந்தப் பணம் கொரோனா காலத்தில் வந்தது. அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

2022-இல் வங்கியின் மனு தள்ளுபடி ஆனது. பின்சம்பளம் நாற்பது சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வேறொரு மாவட்டக் கிளையில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து, பணிக்கொடையும் வாங்கிக்கொண்டு விலகினார். அந்த ராஜினாமாவை டைப் அடித்து, என்னிடம் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார்.

இதைப் படிப்பவர்களில் வங்கி ஊழியர்கள் இருந்தால் ஒரு தகவல். 2025 நவம்பர் 21 முதல் தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. பணி நீக்கப்பட்டவர் தீர்ப்பாயத்துக்கு நேரே போக முன்பு இருந்த மூன்று வருட அவகாசம் அதில் இரண்டு வருடமாகச் சுருங்கியிருக்கிறது. சமரச அதிகாரியிடம் 45 நாள் என்பது அப்படியே இருக்கிறது. பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. யாராவது உங்களிடம் ராஜினாமா எழுதி வாங்கினால், மறுநாள் காலை தபால் நிலையம் திறக்கும்போது அங்கே நில்லுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.